ஆட்டிசம் உள்ள பிள்ளை பொது வகுப்பில் இருக்கும்போது ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது?

நான்காம் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியர் கேட்கிறார்: "என் வகுப்பில் 36 பேர். ஒரு பையனுக்கு ஆட்டிசம், ஒரு பெண்ணுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் சிதறுவதும் துறுதுறுப்பும் மிகுந்த நிலை), இன்னும் இரண்டு பேர் வாசிக்கத் திணறுகிறார்கள். சிறப்புக் கல்வி ஆசிரியர் கிடையாது. அந்தப் பையன் பல நாள் நன்றாகத்தான் இருக்கிறான், சில நாள் திடீரென்று கத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறான். எங்கிருந்து தொடங்குவது? அவனைக் கவனித்தால் மற்ற 35 பேரைக் கைவிடுகிறேனோ என்றும் உறுத்துகிறது."

அந்தத் 'திடீரென்று' என்ற சொல்லில் இருந்தே தொடங்குகிறேன். இருபது வருடங்களுக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருக்கிறேன், அந்தச் சொல்லை யாராவது சொல்லாத வாரம் இல்லை. ஆனால் உண்மையிலேயே திடீரென்று நடந்ததை நான் பார்த்தது மிகக் குறைவு. நமக்குத்தான் அது திடீர். பிள்ளைக்குள் அது அரை மணி நேரமாக ஏறிக்கொண்டே வந்திருக்கும்.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. வாரத்தில் இரண்டு நாள், அறிவியல் பாடத்தில் மட்டும், மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அறிவியல் பிடிக்கவில்லை, யாரோடும் சேரப் பிடிக்கவில்லை, வீட்டில் செல்லம் அதிகம் என்று ஆசிரியர் அறையில் மூன்று விளக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் மூன்று வாரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதினேன். முன்னால் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள். ஐந்தாவது முறை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு நாளும் குழுச் செயல்பாடு. "குழுவாக உட்காருங்க" என்றதும் முப்பத்துச் சொச்சம் இரும்பு நாற்காலிகள் சிமெண்ட் தரையில் கிறீச்சிடும். எனக்கே பல் கூசியது. அவள் காதைப் பொத்தமாட்டாள். பொத்தினால் திட்டு விழும் என்று எப்போதோ கற்றுக்கொண்டிருக்கிறாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு தாங்குவாள். கடைசிக் குழுவும் நாற்காலியை இழுக்கும்போது ஆள் மேசைக்கு அடியில் இருப்பாள். அறிவியலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நாங்கள் செய்தது இரண்டே காரியம். நாற்காலிகள் நகரப்போகிற நேரத்தில், ஆசிரியர் அறையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து வரும் வேலையை அவளுக்குக் கொடுத்தோம். அடுத்த மாதம் பழைய டென்னிஸ் பந்துகளைக் கீறி நாற்காலிக் கால்களில் மாட்டினோம். பந்து மாட்டிய வாரமே வகுப்பாசிரியருக்குக் குரல் உயர்த்தும் வேலை பாதியாகக் குறைந்தது. எந்தச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்க்கும் இன்னொரு பையன், திரும்புவதைக் குறைத்துக்கொண்டான். உங்கள் உறுத்தலுக்கு என் பதில் இதுதான். ஒருவனுக்காகச் செய்வதாக நீங்கள் நினைப்பதில் பெரும்பகுதி 36 பேருக்கும் போய்ச் சேரும்.

ஆகவே முதல் இரண்டு மூன்று வாரம் எதையும் மாற்ற வேண்டாம், நோட்டு மட்டும் போடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வரி போதும். நேரம், இடம், பக்கத்தில் யார், முந்தைய பீரியட் என்ன, தூங்கினானா, கழிப்பறை போனானா. கடைசியில் சொன்னது அற்பமாகத் தெரியலாம். பசி, தாகம், சிறுநீர் முட்டுவது போன்ற உடலின் உள்சமிக்ஞைகளே சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் தெரியும். பள்ளிக் கழிப்பறையின் நாற்றமோ கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலோ தாங்காமல் காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அப்படி இருக்கிற பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு எப்படி ஏறும்?

புலன் விஷயத்தை நாம் நெடுங்காலம் ஓரமாக வைத்திருந்தோம். 1943ல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே பலத்த சத்தத்துக்கு அவர்கள் மிரள்வது இருக்கிறது. எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற தவிப்பும் இருக்கிறது. ஆனால் புலன் உணர்வு மிகையாகவோ குறைவாகவோ இருப்பது, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டில் ஆட்டிசத்துக்கான அடையாளங்களில் ஒன்றாக ஏறியது 2013ல், ஐந்தாம் பதிப்பில்தான். எழுபது வருடம். அதற்கு முன் பயிற்சி முடித்த ஆசிரியர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை என்றால் அது அவர்கள் குற்றம் இல்லை. 'குறைவாக' என்பதையும் மறந்துவிடாதீர்கள். சத்தம் போதாமல் தானே சத்தம் எழுப்புகிற, அழுத்தம் போதாமல் சுவரில் போய் மோதிக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களை 'முரடு' என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

உங்கள் பையனை எங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். முன்வரிசைதான் நல்லது என்பது எப்போதும் சரியல்ல. முன்னால் உட்கார்ந்தால் 35 பேர் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள், எந்தச் சத்தம் எங்கிருந்து வருமென்று தெரியாது. சுவர் பக்கம், மினுக்கும் டியூப்லைட்டுக்குத் தள்ளி, வாசலில் நடமாட்டம் தெரியாத ஓர் இடம் பல பிள்ளைகளுக்கு ஒத்துப்போகிறது. எந்த இடம் வேண்டும் என்று அவனையே கேளுங்கள். பேசாத பிள்ளையாக இருந்தால், வகுப்பு காலியாக இருக்கும்போது உள்ளே விட்டுப் பாருங்கள். எங்கே போய் உட்காருகிறான் என்பதே பதில்.

அடுத்தது, 'இனி என்ன' என்று தெரியாத தவிப்பு. 1972ல் எரிக் ஷோப்ளர் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய டீச் (TEACCH) திட்டம், நாளின் ஒழுங்கைக் கண்ணால் பார்க்கும்படி வைப்பதை வகுப்பறை நடைமுறையாக்கியது. இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கரும்பலகையின் ஓரத்தில் அன்றைய பாடங்களை வரிசையாக எழுதி, அல்லது சின்னப் படமாக வரைந்து, முடிந்ததை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வாருங்கள். முக்கியமானது அட்டவணை போடுவது அல்ல, அது மாறும்போது என்ன செய்கிறோம் என்பதுதான். உடற்கல்வி ஆசிரியர் வரவில்லையா, காலையிலேயே எல்லோர் முன்னும் அதை அடித்துவிட்டு மாற்றை எழுதுங்கள். தினமும் ஏதோ ஒன்று மாறும் என்பதற்கே ஒரு கேள்விக்குறிக் கட்டம் வைத்துக்கொள்ளலாம். நல்ல மாற்றங்களில் பழக்கினால், மாற்றம் என்றாலே ஆபத்து என்ற பயம் மெல்லக் குறையும். தீயணைப்பு ஒத்திகை மாதிரி நாட்களை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மணி அடிக்கும் நிமிடத்தில் அவன் மைதானத்தில் நின்றால் இன்னும் நல்லது. பாடம் மாறும்போது "இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் இரண்டு நிமிடம்" என்று சொல்வதும் இதே கணக்கில் சேர்ந்ததுதான்.

பேச்சு. நாம் வகுப்பில் பேசுகிற தமிழை ஒரு நாள் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். "கதவைச் சாத்த முடியுமா?" என்று கேட்டால், "முடியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை திமிர் பிடித்தவன் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டான், அவ்வளவுதான். "காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க" என்று நான் சொன்னபோது ஒரு பிள்ளை பென்சில் துருவியைப் பார்த்துவிட்டுத் தன் காதைத் தடவிக்கொண்டான். மரபுத்தொடர் பேசக் கூடாது என்று சொல்லவில்லை, அவை நம் மொழியின் ருசி. பேசிவிட்டு அடுத்த வரியில் நேராகவும் சொல்லுங்கள்: "அதாவது, இப்போ நான் சொல்றதை மட்டும் கவனி."

"தண்ணி வேணுமா?" என்று நீங்கள் கேட்க, அவனும் "தண்ணி வேணுமா?" என்று திருப்பிச் சொன்னால் அதைக் கிளிப்பேச்சு என்று ஒதுக்க வேண்டாம். பேச்சு மொழி வல்லுநர் பாரி பிரிசான்ட் 1980களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளிலேயே இத்தகைய எதிரொலிப் பேச்சுக்குப் பல வேலைகள் உண்டு என்று காட்டியிருக்கிறார். கேட்பது, ஆமாம் என்பது, முறை எடுத்துக்கொள்வது, தன்னைத் தானே அமைதிப்படுத்துவது எல்லாம் அதற்குள் இருக்கிறது. தாகம் எடுத்த நேரத்தில் அவன் காதில் விழுந்த வாக்கியம் அது. அதனால் தாகம் எடுத்தால் சொல்ல வேண்டிய வாக்கியமும் அதுவே ஆகிவிட்டது. "எனக்குத் தண்ணி வேணும்" என்று அவன் சொல்லக்கூடிய வடிவில் ஒருமுறை சொல்லிக்காட்டிவிட்டுத் தண்ணீரைக் கொடுங்கள். சரியாகச் சொன்னால்தான் தண்ணீர் என்று நிறுத்திவைக்காதீர்கள். பேச்சே வராத பிள்ளைக்குப் படஅட்டையோ டேப்லெட்டோ கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று பெற்றோர் பயப்படுவார்கள். 2006ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பத்தகுந்த சான்று இருந்த நேர்வுகளில் ஒன்றில்கூட இதனால் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானவற்றில் கொஞ்சமாவது கூடியிருக்கிறது. இதை அவர்களிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அப்புறம், காத்திருப்பது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பதில் சொல்கிறவர்களும் கூடுகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே வகுப்பறைப் பதிவுகளை வைத்து எழுதினார். அது எல்லாப் பிள்ளைகளுக்குமான கணக்கு. உங்கள் பையனுக்கு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நடுவில் கேள்வியை வேறு வார்த்தையில் மாற்றிக் கேட்டால், அவனுக்கு அது இரண்டாவது கேள்வி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேட்டதையே அதே வார்த்தையில் திரும்பச் சொல்லுங்கள்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப வருடங்களில் "என்னைப் பாரு" என்று ஒரு பையனின் முகவாயைப் பிடித்துத் திருப்பியிருக்கிறேன், அதுதான் பயிற்சி என்று நினைத்து. பத்து வருடம் கழித்து அவன் வளர்ந்த பிள்ளையாக வந்தபோது கேட்டேன். "உங்க முகத்தைப் பார்த்தா நீங்க பேசறது கேக்காது மிஸ். ரெண்டில ஒண்ணுதான் முடியும்" என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கண் பார்ப்பது கவனத்துக்கு அடையாளம் என்பது நம் பழக்கம், அவ்வளவே. கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, நூலைச் சுற்றிக்கொண்டே இருப்பது இவற்றுக்கும் அதேதான். யாருக்கும் காயம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அதை நிறுத்தவைக்கும் பயிற்சிகளை ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் கடுமையாக எதிர்க்கிறார்கள், நான் அவர்கள் பக்கம். கையை உதறாமல் உட்கார்ந்திருப்பதற்கே அவன் முழுக் கவனத்தையும் செலவழித்தால் பாடத்துக்கு மிச்சம் என்ன இருக்கும்?

சரி, எல்லாம் செய்தும் ஒரு நாள் அவன் கத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். அப்போது என்ன செய்வது? முதலில் இது அடம் அல்ல என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடம் பிடிக்கும் பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்ததும் நின்றுவிடும். மெல்ட்டவுன் என்பது தாங்கும் எல்லை உடைந்துபோன நிலை. கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, மிரட்டினாலும் நிற்காது. அந்த நேரத்தில் நீங்கள் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் இன்னொரு சத்தம். குரலைத் தாழ்த்தி இரண்டு மூன்று வார்த்தையோடு நிறுத்துங்கள்: "நான் இங்கேதான் இருக்கேன்." சொல்லாமல் தொடாதீர்கள். மற்ற பிள்ளைகளின் பார்வையைத் திருப்ப அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள், முடிந்தால் வெளியே அனுப்புங்கள். அவனை இழுத்துக்கொண்டு போவதைவிட 35 பேரை நகர்த்துவது சுலபம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் அப்படித்தான். கூரான பொருட்களை மட்டும் தள்ளி வையுங்கள். "ஏன் இப்படிச் செஞ்சே?" என்ற விசாரணை அன்றைக்கு வேண்டாம். அழுகை நின்ற பிறகும் உடம்பு தணிய நெடுநேரம் ஆகும், அதற்குள் கணக்கு நோட்டை நீட்டினால் இரண்டாவது சுற்று தொடங்கும்.

கத்துகிற பிள்ளையாவது நம் கண்ணில் படுகிறான். எனக்கு அதிகக் கவலை, உறைந்துபோகிற பிள்ளையைப் பற்றித்தான். பேச்சு நின்றுவிடும், தலை மேசையில் கவிழ்ந்துவிடும், "தூக்கக் கலக்கம்" என்று கடந்துபோவோம். இன்னொரு வகை, பெரும்பாலும் பெண் பிள்ளைகள், பள்ளியில் பொம்மை மாதிரி இருப்பார்கள். பக்கத்துப் பிள்ளை சிரித்தால் சிரிப்பார்கள், வரிசையில் நிற்பார்கள், மார்க்கும் வரும். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும் முன்னரே வெடித்து அழுவார்கள். அம்மா வந்து சொன்னால், "இங்கே தங்கமான பிள்ளையா இருக்காளே, வீட்லதான் ஏதோ பிரச்சினை" என்று நாம் திருப்பி அனுப்பிவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எட்டு மணி நேரம் நடித்த களைப்பு நம்பகமான இடத்தில்தான் இறங்கும். வீட்டில் வெடிக்கிறாள் என்றால் வகுப்பில் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நோட்டுப் போட வேண்டியது நாம்.

உங்கள் ஏ.டி.எச்.டி. பெண்ணுக்கு வருகிறேன். 2013 வரை டி.எஸ்.எம். கையேடு ஆட்டிசத்தையும் ஏ.டி.எச்.டி.யையும் ஒரே ஆளுக்குச் சேர்த்துச் சொல்ல அனுமதிக்கவில்லை. இரண்டும் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் ஏராளம், ஒழுங்கு வேண்டும் என்று தவிக்கவும் செய்வார்கள், அதே ஒழுங்கு சலித்துப்போய் உடைக்கவும் செய்வார்கள். அதனால் சான்றிதழில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து உதவியைப் பிரித்துக் கொடுக்க வேண்டாம். "கணக்கு நோட்டை எடுத்து, 42ஆம் பக்கம் திறந்து, தேதி போட்டு, மூன்றாவது கணக்கைச் செய்" என்றால் அதில் நான்கு வேலை இருக்கிறது. அவள் நோட்டை எடுப்பாள், அதில் முன்பு வரைந்த படத்தைப் பார்ப்பாள், மீதி மூன்றும் காற்றோடு போயிற்று. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அல்லது நான்கையும் பலகையில் எழுதிவிடுங்கள். அவள் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விடுங்கள், நின்றுகொண்டு எழுதினால் எழுத்து கெட்டுப்போகாது. வேலை முடிக்கவில்லை என்று விளையாட்டு பீரியடைப் பிடுங்குவது மட்டும் கூடவே கூடாது. ஓடி ஆடுவதுதான் அடுத்த பீரியடுக்கு அவளுக்கு இருக்கும் ஒரே மருந்து.

வாசிக்கத் திணறும் இருவரையும் முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். எந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லி அனுப்பினால் வீட்டில் பழகிக்கொண்டு வருவார்கள். பலகையைப் பார்த்து எழுதுவதைக் குறைத்து அச்சுத் தாள் கொடுங்கள். அறிவியல் தேர்வில் சோதிப்பது அறிவியலைத்தானே, பதிலை வாயால் சொன்னால் என்ன?

உதவியாளர் ஒருவரைப் பள்ளி நியமித்தால் சந்தோஷம். ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. உதவியாளர் எந்நேரமும் பிள்ளையோடு ஒட்டிக்கொண்டிருந்தால், வகுப்பாசிரியர் பொறுப்பு தன்னுடையதல்ல என்று ஒதுங்குகிறார், சக பிள்ளைகள் நெருங்குவதில்லை, பிள்ளையும் அவர் கண்ணைப் பார்க்காமல் பென்சிலைத் தொடுவதில்லை என்று 1997லேயே மைக்கேல் கியாங்கிரேகோவும் உடன் ஆய்வு செய்தவர்களும் எழுதினார்கள். இன்றைக்கும் நான் அதையேதான் பார்க்கிறேன். உதவியாளரை மற்ற 35 பேரிடம் அனுப்பிவிட்டு, பத்து நிமிடமாவது நீங்கள் அவன் பக்கத்தில் உட்காருங்கள்.

சக பிள்ளைகள் விஷயத்தில், அவனுக்கு மட்டும் 'எப்படிப் பழக வேண்டும்' என்று பாடம் எடுப்பது பாதி வேலைதான். டேமியன் மில்ட்டன், தானும் ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர், 2012ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாத சிக்கல் இரு பக்கத்திலும் இருக்கிறது, ஒரு பக்கத்தை மட்டும் குறையென்று சொல்வது நியாயமில்லை என்பது அதன் சாரம். எடின்பரோவில் 2020ல் காதுக்குக் காது கதை சொல்லும் விளையாட்டு மாதிரி ஓர் ஆய்வு செய்தார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் மட்டும் இருந்த வரிசையில், ஆட்டிசம் இல்லாதவர்கள் வரிசைக்குச் சமமாகவே கதை போய்ச் சேர்ந்தது. அதனால் உங்கள் வகுப்புக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள், ஆனால் அவன் பெயரைச் சொல்லி அல்ல. சிலருக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குச் சும்மா உட்கார முடியாது, சிலருக்கு எழுத்து நடனமாடும் என்று பொதுவாகப் பேசலாம். அவனுடைய ஆட்டிசத்தைப் பற்றி வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்பது அவனும் பெற்றோரும் எடுக்க வேண்டிய முடிவு. நல்ல பெண் ஒருத்தியைப் பார்த்து 'நீ இவனைப் பார்த்துக்கோ' என்று வருடம் முழுக்க ஒப்படைப்பதும் வேண்டாம், அவள் தோழியாக இருக்கட்டும், நர்ஸாக வேண்டாம்.

நட்பு தானாக முளைக்கும் இடம் பெரும்பாலும் அவனுடைய ஆர்வம்தான். லிஃப்ட் பைத்தியம் பிடித்த ஒரு பையன் எங்களிடம் இருந்தான். எந்தக் கட்டடத்தில் எத்தனை தளம், கதவு எப்படி மூடும், எல்லாம் மனப்பாடம். 'லிஃப்ட் பேச்சு இடைவேளையில் மட்டும்' என்று கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். குறை எண்கள் பாடம் வந்தபோது கணக்கு ஆசிரியர் அவனைப் பலகைக்கு அழைத்து, தரைத்தளம் பூஜ்யம், கீழே வண்டி நிறுத்தும் தளங்கள் கழித்தல் ஒன்று, கழித்தல் இரண்டு என்று வரையச் சொன்னார். 'கழித்தல் இரண்டில் ஏறி ஐந்து தளம் மேலே போனால் எங்கே இறங்குவோம்?' அவன்தான் அன்று ஆசிரியர். இடைவேளையில் இரண்டு பேர் அவனிடம் போய் லிஃப்ட் அறுந்து விழுமா என்று கேட்டார்கள். அதிலிருந்து மூவரும் ஒன்றாகத்தான் சுற்றினார்கள்.

மற்ற பெற்றோர் 'ஒருவனுக்கு மட்டும் ஏன் சலுகை' என்று கேட்டால் தயங்க வேண்டாம். 1994ல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகள் கூடி, பொதுப் பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் தர வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன. 2006ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, அவரவர் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்துதருவதைக் கல்வி உரிமையின் பகுதியாகவே சொல்கிறது. கண்ணாடி போட்ட பிள்ளையை யாரும் சலுகை வாங்கியவன் என்று சொல்வதில்லையே.

கடைசியாக ஒன்று. ஒரு வருடம் பாடுபட்டுக் கண்டுபிடித்ததெல்லாம் வகுப்பு மாறியதும் வீணாகும், அடுத்த ஆசிரியர் மறுபடி 'திடீரென்று' என்பதிலிருந்து தொடங்குவார். அதனால் ஆண்டு முடியும் முன் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். அவனுக்கு எது பிடிக்கும், எது தாங்காது, தாங்காதபோது முதலில் தெரியும் அறிகுறி என்ன, என்ன செய்தால் தணியும். பெற்றோரிடம் காட்டுங்கள், அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்காலிப் பெண்ணுக்கு நாங்கள் அப்படி எழுதியபோது கீழே நான்கு விரல் இடம் விட்டு, "நீயும் எழுது" என்றோம். இரண்டு நாள் வைத்திருந்தாள். பிறகு பென்சிலால் எழுதிக் கொடுத்தாள்: "ஐந்தாம் வகுப்பு நாற்காலிகளுக்குப் பந்து இல்லை. நான் எண்ணிவிட்டேன். 152 பந்து வேண்டும்."